எல்லாரோடும் வாசித்த ராய் ஹேன்ஸுக்குச் சொந்த முத்திரை உண்டா?

பழைய_தட்டு கேட்டது:

ஜாஸ் கேட்க ஆரம்பித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதனால் கேள்வி அபத்தமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சாக்ஸபோன்காரர் ஜான் கோல்ட்ரேனில் நுழைந்தேன், அங்கிருந்து இன்னொரு சாக்ஸபோன்காரர் எரிக் டால்ஃபி, அங்கிருந்து பியானோக்காரர் மங்க், அப்புறம் எப்படியோ இன்னொரு பியானோக்காரர் சிக் கொரியா. இசைத்தட்டின் பின்னட்டையில் யார் யார் வாசித்தார்கள் என்று படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு, வம்பு அங்கேதான் தொடங்கியது. டால்ஃபியின் 1960 தட்டுகளில் டிரம்ஸ் ராய் ஹேன்ஸ். 1958-இல் நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் மங்க் வாசித்த பதிவைப் போட்டால் அங்கேயும் ராய் ஹேன்ஸ். கொரியாவின் 1968 டிரியோ (மூவர் குழு), மறுபடியும் ராய் ஹேன்ஸ். அதே பெயரில் இரண்டு பேர் இருந்திருப்பார்களோ என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன்.

தேடினால் ஒரே ஆள்தான். 1925 மார்ச் 13 அன்று பாஸ்டனின் ராக்ஸ்பரி பகுதியில் பிறந்தவர், 2024 நவம்பர் 12 அன்று, நூறு வயதுக்கு நான்கு மாதம் பாக்கி இருக்கும்போது காலமானார். 1945-இல் லூயிஸ் ரஸ்ஸல் இசைக்குழுவில் சேர நியூயார்க் வந்தவர், 1947-இல் லெஸ்டர் யங், 1949-இல் சாக்ஸபோன்காரர் சார்லி பார்க்கர், அப்புறம் பாடகி சாரா வான், மங்க், டால்ஃபி, கோல்ட்ரேன், ஸ்டான் கெட்ஸ், கேரி பர்ட்டன், கொரியா என்று போய் 1989-இல் கிட்டார்காரர் பாட் மெத்தேனியோடு ஒலிப்பதிவு செய்கிறார். லெஸ்டர் யங்கோடு சேர்ந்தபோது மெத்தேனி பிறக்கவே இல்லை, அதற்கு இன்னும் ஏழு வருடம் இருந்தது!

என் நண்பன் ஒருவன் (டிரம்மர் ஆர்ட் பிளேக்கியின் வெறியன்) இதைச் சொன்னதும் உதட்டைப் பிதுக்கினான். "யார் கூப்பிட்டாலும் போகிறவனுக்குத் தனக்கென்று ஒரு குரல் எப்படி இருக்கும், அவன் நல்ல வேலைக்காரன், அவ்வளவுதான்" என்றான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. டிரம்ஸ் காதுக்குப் பிடிக்கிறது, ஆனால் எதைக் கேட்டு "இது ஹேன்ஸ்" என்று சொல்வது என்று பிடிபடவில்லை. நண்பன் சொல்வது சரியா? இன்னொன்று, இத்தனை பேரோடு வாசித்தவரின் பெயர் மேக்ஸ் ரோச், பிளேக்கி, எல்வின் ஜோன்ஸ் மாதிரி டிரம்மர்கள் அளவுக்கு ஏன் அடிபடவில்லை?

---

இடதுகைக்காரன்:

டிரம்ஸ் கற்றுக்கொண்டிருக்கிறவன், பெரிய ஆள் இல்லை, ஆனால் இந்த ஒரு மனிதரைக் காப்பியடிக்க முயன்று இரண்டு வருடம் வீணாக்கியிருக்கிறேன் என்பதால் பேசும் தகுதி உண்டு என்று நினைக்கிறேன்.

முதலில் காதுக்கு ஒரு வேலை. ஜாஸில் டிரம்மரின் வலது கை ரைட் என்கிற பெரிய சிம்பல் தட்டில் "டிங், டிங்-க-டிங்" என்று ஓடிக்கொண்டே இருக்கும், இடது கால் ஹை-ஹாட்டை (மிதித்தால் மூடிக்கொள்கிற சிம்பல் ஜோடி) இரண்டாவது நான்காவது அடிகளில் "சிக், சிக்" என்று மூடும். பீபாப் (1940-களில் பிறந்த வேகமான ஜாஸ் பாணி) காலத்தில் இதுதான் வீட்டின் தூண். இடது கையும், காலால் அடிக்கிற பேஸ் டிரம்மும் அந்தத் தூணைச் சுற்றி விளையாடலாம், தூணை மட்டும் அசைக்கக் கூடாது. ஹேன்ஸ் அசைத்தார். சிம்பலில் ஒரே உருவைத் திரும்பத் திரும்ப அடிக்காமல், சாக்ஸபோன்காரர் எங்கே மூச்சு விடுகிறாரோ எங்கே சொல்லை இழுக்கிறாரோ அதைப் பார்த்து அந்த "டிங்-க-டிங்"கை உடைத்து மாற்றி அடிப்பார். ஹை-ஹாட் இரண்டிலும் நான்கிலும் விழ வேண்டும் என்ற கட்டாயமே கிடையாது, அது நாலாவது கைபோல நினைத்த இடத்தில் பேசும். கேட்டால் தாளம் காணாமல் போனதுபோல ஒரு கணம் தோன்றும். காலைத் தட்டிப் பாருங்கள், காலப்பிரமாணம் இம்மியும் நகர்ந்திருக்காது. அதை அடித்துக் காட்டாமல் உங்களையே உணரவைக்கிறார்.

அப்புறம் ஸ்னேர் டிரம், அடியில் கம்பிகள் கட்டிய சின்ன டிரம். உயர்ந்த சுருதியில் இறுக்கி வைத்திருப்பார், அடி ஒவ்வொன்றும் சுள்ளி ஒடிகிற மாதிரி படக் படக்கென்று விழும். பேஸ் (பெரிய தந்தி வாத்தியம்) வாசித்த அல் மெக்கிபன் இவருக்கு வைத்த பட்டப்பெயரே "ஸ்னாப் கிராக்கிள்". முத்திரை இல்லாதவனுக்கு யாராவது சத்தத்தை வைத்துப் பட்டப்பெயர் வைப்பார்களா, உங்கள் நண்பரிடம் கேளுங்கள்.

சோதனை ஒன்று சொல்கிறேன். கோல்ட்ரேனின் குவார்ட்டெட்டில் (நால்வர் குழு) எல்வின் ஜோன்ஸ் வர முடியாத சமயங்களில், 1961-க்கும் 65-க்கும் நடுவில், ஹேன்ஸைத்தான் கூப்பிட்டார்கள். 1963 நியூபோர்ட் விழாவில் 'மை ஃபேவரிட் திங்ஸ்' வாசித்த பதிவு இருக்கிறது, ஏறக்குறைய 17 நிமிடம். அதே பாட்டை எல்வின் வாசித்த பதிவையும் இதையும் அடுத்தடுத்துப் போடுங்கள். எல்வினிடம் எல்லாம் கீழே இருக்கும், டாம் என்கிற டிரம்களும் பேஸ் டிரம்மும் மூன்று மூன்றாகச் சுருண்டு கனமாக உருளும், கோல்ட்ரேன் அதன் மேல் ஏறி நிற்பார். ஹேன்ஸிடம் எல்லாம் மேலே, ஸ்னேரும் சிம்பலும், கோல்ட்ரேனின் பக்கத்திலேயே ஓடிக்கொண்டு இடையிடையே குத்திப் பேசுகிற ஒருவர். கோல்ட்ரேனின் வாசிப்பே அதனால் கொஞ்சம் மாறுகிறது, வாக்கியங்கள் குறுகிக் கூர்மையாகின்றன (இது என் காது, அடிக்க வராதீர்கள்). எல்வின் இடத்தில் உட்கார்ந்தபோது அவர் எல்வினாக நடிக்கவே இல்லை. பியானோ மெக்காய் டைனரும் பேஸ் ஜிம்மி கேரிசனும் எல்வினுக்குப் பழகிய கை, அந்த மேடையில் இது சின்னத் துணிச்சல் இல்லை.

---

எதிர்க்கட்சி:

எல்லாரும் புகழ்வீர்கள் என்று தெரியும், அதனால் நண்பர் பக்கம் கொஞ்சம் பேசிவிடுகிறேன்.

பெயர் ஏன் அடிபடவில்லை என்ற கேள்விக்குப் பதில் எளிது. டிரம்மரின் பெயர் நிற்பது ஒரு குழுவோடு. பிளேக்கி என்றால் ஜாஸ் மெசஞ்சர்ஸ், முப்பது வருடத்துக்கு மேல் ஒரே பெயர்ப்பலகை. மேக்ஸ் ரோச் என்றால் 1954-56 டிரம்பெட்காரர் கிளிஃபோர்ட் பிரவுனோடு நடத்திய குவின்டெட் (ஐவர் குழு). எல்வின் என்றால் கோல்ட்ரேன். இன்னொரு டிரம்மர் டோனி வில்லியம்ஸ் 17 வயதில் டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸிடம் சேர்ந்தார், இன்றைக்கும் அந்த ஐந்து பேர் என்றால் ஐந்து பேர்தான். ஹேன்ஸ் என்றால்? பார்க்கரிடம் மேக்ஸ் ரோச்சுக்குப் பிறகு வந்தவர், கோல்ட்ரேனிடம் எல்வினுக்குப் பதில் வந்தவர். எங்கே பார்த்தாலும் இன்னொருவரின் நாற்காலி. சொந்தக் குழு என்று பார்த்தால் 1970-களின் தொடக்கத்தில் ஹிப் என்ஸெம்பிள் நடத்தினார், நல்ல குழுதான், எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள், கையைத் தூக்குங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1953 முதல் 58 வரை, ஹார்ட் பாப் (பீபாப்பிலிருந்து கிளைத்த பாணி) கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில், பிளேக்கியும் ரோச்சும் வரலாறு எழுதிக்கொண்டிருந்த நேரத்தில், இவர் ஒரு பாடகிக்குப் பின்னால் உட்கார்ந்து பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார். ஐந்து வருடம்! அந்த ஐந்து வருடத்தில் ஒரு குழு கட்டியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. "பன்முகம்" என்பது பல நேரம் "கூப்பிட்டால் வருவார்" என்பதன் மரியாதையான பெயர்.

---

நள்ளிரவு_கேட்பவள்:

எதிர்க்கட்சி சார், "ஒரு பாடகி" என்று சொன்னீர்களே, அந்தப் பாடகியின் பெயர் சாரா வான். பார்க்கரோடும் டிஸ்ஸி கில்லெஸ்பியோடும் பீபாப் பிறந்த அறையிலேயே இருந்தவர், பியானோவும் வாசிப்பார், சுருதியிலும் தாளத்திலும் எந்தச் சாக்ஸபோன்காரருக்கும் குறைந்தவர் இல்லை. அவருக்குப் பின்னால் உட்காருவது ஓய்வெடுக்கிற வேலை என்று நினைக்கிறவர்கள் 'ஷுலீ எ பாப்' கேட்டதில்லை என்று அர்த்தம். 1954 பதிவு. வார்த்தையே இல்லாமல் ஸ்கேட் பாடிக்கொண்டு போகிறவர், நடுவில் குழுவில் இருப்பவர்களைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துகிறார். பியானோ, பேஸ் முடிந்து இவர் முறை வரும்போது "ராய்" என்கிறார், டிரம்ஸ் பதில் சொல்கிறது, "ஹேன்ஸ்" என்கிறார், மறுபடி டிரம்ஸ் பதில் சொல்கிறது. அந்த இரண்டு சின்ன இடைவெளியில் அவர் அடித்ததைப் பாடமாக வாயால் சொல்லிப் பார்க்கிற டிரம்மர்கள் உண்டு. ஒரு மனிதனின் பெயரையே தாளமாக்கிய இடம் அது, முத்திரை வேண்டும் என்றால் அதுதான் முத்திரை.

பாடகருக்கு வாசிப்பதில் என்ன நடக்கிறது என்றும் கொஞ்சம் யோசியுங்கள். சாரா வான் மிக மெதுவான பாடல்களை இன்னும் மெதுவாக்கிப் பாடுவார், ஒரு சொல்லை எங்கே வைப்பார் என்று அவருக்கே அந்த நொடிவரை தெரியாது. அங்கே டிரம்மர் ஒரு அடி அதிகம் வைத்தால் சொல் நசுங்கிவிடும். நம்மிடம் பக்கவாத்தியத்துக்கு "அனுசரித்து வாசிப்பது" என்று சொல்வோமே, எப்போது வாசிக்காமல் இருக்க வேண்டும் என்ற அந்த ஞானம் ஐந்து வருடத்தில் ஊறுகிறது. சாரா வானைவிட்டு வந்த 1958-லேயே மங்க்கோடு ஃபைவ் ஸ்பாட்டில் உட்காருகிறார், ஜானி கிரிஃபின் சாக்ஸபோன், அகமது அப்துல் மாலிக் பேஸ். மங்க் வாசிக்காமல் விடுகிற இடம்தான் மங்க்கின் பாதி இசை. அந்த ஓட்டைகளை அடைக்கவும் கூடாது, வெறுமையாக விட்டால் ஆறிப்போகும். அவற்றின் ஓரத்தில் ஸ்னேரால் ஒரு புள்ளி வைத்துவிட்டு நகர்கிறார் பாருங்கள், அது சாரா வான் பள்ளியில் படித்த பாடம் என்று நான் அடித்துச் சொல்வேன்.

வயிற்றுப்பாட்டையும் மறக்க வேண்டாம். நிரந்தரமாகச் சம்பளம் வருகிற பாடகி குழுவை விட்டு, எப்போது கலையும் என்று தெரியாத குவின்டெட் கட்டவில்லை என்று நாம் நாற்காலியில் சாய்ந்துகொண்டு குறை சொல்வது எளிது.

---

பேஸ்தந்தி:

இடதுகைக்காரன் சொன்னதற்கு மேல் டெக்னிக்காகச் சொல்ல எனக்கு ஒன்றுதான் இருக்கிறது, 1968 மார்ச்சில் பதிவான கொரியா டிரியோ, 'நவ் ஹி சிங்ஸ், நவ் ஹி சாப்ஸ்'. கொரியாவுக்கு 26 வயது, பேஸ் வாசித்த மிரோஸ்லாவ் விட்டோஷுக்கு 20, ஹேன்ஸுக்கு 43. வயதில் மூத்தவர்தான் அந்த அறையில் எல்லாரையும்விட புதுசாக வாசிக்கிறார். அதில் அவர் அடித்தது பிளாட் ரைட் என்கிற சிம்பல். சாதாரணச் சிம்பலின் நடுவில் கிண்ணம் கவிழ்த்தது மாதிரி ஒரு மேடு இருக்கும், பிளாட் ரைட்டில் அது கிடையாது. மேடு இல்லாததால் அடிக்க அடிக்க இரைச்சல் பெருகி எல்லாவற்றையும் மூடாது, குச்சி முனை படுகிற ஒவ்வொரு தட்டும் உலர்ந்து தனித்தனியாகக் கேட்கும். கொரியாவின் விரல்கள் ஓடுகிற வேகத்துக்கு வேறு எந்தச் சிம்பலாக இருந்தாலும் பியானோவின் பாதி ஸ்வரம் மூழ்கியிருக்கும். பேஸ் வாசிக்கிறவனாகச் சொல்கிறேன், டிரம்மர் இப்படி இடம் விட்டால் நாங்கள் கோவிலே கட்டுவோம்.

அதற்கு முந்தின வருடம், 1967-இல், கேரி பர்ட்டன் குவார்ட்டெட்டின் 'டஸ்டர்'. லாரி கோரியலின் கிட்டார் ராக் மாதிரி முறுக்கிக்கொண்டு போகிறது, ஜாஸையும் ராக்கையும் கலக்கிற ஃப்யூஷன் என்ற பெயர் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே அந்த வாசல் அங்கே திறந்திருக்கிறது, டிரம்ஸில் யார் என்றால் பார்க்கரோடு வாசித்த நம்ம ஆள். அவர் வயதுக்காரர்கள் பலர் அந்தச் சமயத்தில் "இதெல்லாம் ஜாஸா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள்.

எதிர்க்கட்சி சாருக்கு ஒன்று. "இன்னொருவரின் நாற்காலி" என்றீர்கள், சரி. டால்ஃபியின் நாற்காலி யாருடையது? 1960 ஒரே வருடத்தில், ஏப்ரலில் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று, டிசம்பரில் ஒன்று என்று டால்ஃபி தன் பெயரில் பதிவு செய்த மூன்று ஆல்பத்திலும் ஹேன்ஸ்தான். அடுத்த பிப்ரவரியில் ஆலிவர் நெல்சனின் 'தி புளூஸ் அண்ட் தி ஆப்ஸ்ட்ராக்ட் ட்ரூத்', அதிலும் டால்ஃபி, அதிலும் ஹேன்ஸ். 1963-இல் ஆண்ட்ரூ ஹில்லின் 'பிளாக் ஃபயர்', ஜாக்கி மெக்லீனின் 'டெஸ்டினேஷன் அவுட்'. யாருக்கும் பதிலாகப் போனதல்ல இவை. அந்த நேரத்தில் பாதை தெரியாத இடத்துக்குப் போக நினைத்தவர்கள் எல்லாம் இவரைத்தான் தேடியிருக்கிறார்கள், ஏனென்றால் 1940-களிலேயே தூணை அசைத்துப் பழகிய கை அது. அவர்கள்தான் ஹேன்ஸ் இருந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள் என்பேன், கொஞ்சம் மிகையாக இருந்தாலும் பரவாயில்லை.

இதற்குச் சம்பந்தமில்லாத ஒன்று: 1960-இல் எஸ்குயர் பத்திரிகை அமெரிக்காவில் நன்றாக உடுத்துகிற ஆண்கள் என்று ஒரு பட்டியல் போட்டது, அதில் கேரி கிரான்ட், ஃப்ரெட் அஸ்டேர் கூட ராய் ஹேன்ஸும் இருக்கிறார். 2008-இல் வந்த ஜி.டி.ஏ. 4 வீடியோ கேமில் கார் ஓட்டும்போது ஜாஸ் ரேடியோ ஒன்று வருமே, அந்த அறிவிப்பாளர் குரல் அவருடையது. நான் பல மாதம் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே போலீஸிடமிருந்து தப்பி ஓடியிருக்கிறேன், யார் என்று தெரியாமலே.

---

பழைய_தட்டு:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. நியூபோர்ட் 63 பதிவையும் எல்வின் பதிவையும் மாற்றி மாற்றி மூன்று முறை கேட்டேன். முதல் முறை ஒன்றும் புரியவில்லை, இரண்டு பேருமே நிறைய அடிக்கிறார்கள் என்றுதான் பட்டது. மூன்றாவது முறை சாக்ஸபோனைக் கவனிக்காமல் ஸ்னேரை மட்டும் பின்தொடர்ந்தேன், அப்போதுதான் இடதுகைக்காரன் சொன்ன சுள்ளி ஒடிகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு கொரியா தட்டைப் போட்டால் அங்கேயும் அதே சுள்ளி. மங்க்கிடமும் அதேதான். இப்போது எந்தத் தட்டிலும் அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை, கொஞ்சம் தொல்லையாகத்தான் இருக்கிறது.

ஒரு சின்னக் கேள்வி. அவர் தலைவராக இருந்து செய்த ஆல்பத்தில் ஒன்று மட்டும் சொல்வதென்றால் எது?

---

நள்ளிரவு_கேட்பவள்:

'அவுட் ஆஃப் தி ஆஃப்டர்நூன்', 1962. பியானோ டாமி ஃபிளானகன், பேஸ் ஹென்றி கிரைம்ஸ், ஊதுவது ரோலண்ட் கிர்க், ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வாத்தியத்தை வாயில் வைத்து ஊதுகிற அந்தக் கிர்க்தான். பக்கத்தில் இப்படி ஒரு ஆளை வைத்துக்கொண்டும் தலைவர் யார் என்ற சந்தேகம் எங்கேயும் வராது.

வயதான ஹேன்ஸ் வேண்டும் என்றால் 2001-இல் வந்த 'பேர்ட்ஸ் ஆஃப் எ ஃபெதர்', சார்லி பார்க்கருக்குக் காணிக்கை. பார்க்கரோடு வாசித்தவரே எழுபத்தைந்து தாண்டியபின் தன்னைவிட மிக இளையவர்களைக் கூட்டிக்கொண்டு அந்தப் பாட்டுகளை வாசிக்கிறார்.

---

எதிர்க்கட்சி:

டால்ஃபி தட்டுகளைக் கணக்கில் எடுக்காமல் பேசிவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். 'ஷுலீ எ பாப்' நேற்று இரவுதான் முதல்முறையாகக் கேட்டேன், அதுவும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெயர் நிற்பது குழுவோடுதான் என்ற கட்சியிலிருந்து நகரமாட்டேன். ஹேன்ஸ் பெயரைச் சொன்னால் உடனே எந்த ஆல்பம் என்று இங்கேயே நாலு பேர் நாலு சொல்கிறீர்களே, பிளேக்கிக்கு அப்படி ஆகாது.

---

இடதுகைக்காரன்:

நாலு பேர் நாலு சொல்வது உங்களுக்குக் குறையாகத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை, அதை விடுங்கள்.

பழைய_தட்டு, உங்களுக்கு இன்னொரு வேலை. தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த பியானோக்காரர் விஜய் ஐயரின் 2009 டிரியோ ஆல்பம் 'ஹிஸ்டாரிசிட்டி' கேளுங்கள். டிரம்ஸ் மார்கஸ் கில்மோர், ஹேன்ஸின் பேரன். நான் உறவு தெரியாமல்தான் முதலில் கேட்டேன். சிம்பலில் கை எங்கே உடைகிறது, ஹை-ஹாட் எங்கே விழுகிறது என்று எண்ணிக்கொண்டே கேளுங்கள், தாத்தா கை அதில் எங்கே தெரிகிறது என்று கேட்டுவிட்டு இங்கேயே எழுதுங்கள், நான் பிடித்த இடங்களை அப்புறம் சொல்கிறேன்.